‘கேஸ்’ மீது பழி போடுமுன்...

சித்திரை வெயில் ஏறுகிற சமயம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீட்டில் பிரிட்ஜைத் திறந்தால் தண்ணீர் பாட்டில் வெதுவெதுவென்று இருக்கிறது. காலையில் காய்ச்சி வைத்த பால் மாலைக்குள் திரிந்து போகிறது. அதற்கு நான்கு மாதம் முன்பு, மார்கழிக் குளிரில், மூணாறு எஸ்டேட் லயம் ஒன்றிலும் இதே கதைதான். மேல் தட்டில் உறைந்து கிடக்க வேண்டிய மீன் இளகி நீர் வடிகிறது. இரண்டு வீட்டிலும் சொல்வது ஒரே வார்த்தை: “பிரிட்ஜ் குளிரவில்லை.” இரண்டு வீட்டிலும் பல சமயம் கிடைக்கிற பதிலும் ஒன்றே: “கேஸ் போயிடுச்சு, ஏத்தணும்.”

கேஸ் ஏற்றப்படுகிறது, பணம் கைமாறுகிறது. கொஞ்ச நாளில் மறுபடியும் பிரிட்ஜ் குளிரவில்லை!

நோய் ஒன்று போலத் தோன்றினாலும் காரணம் வேறு வேறு. வெயிலில் ஒன்று, குளிரில் ஒன்று, கம்பியில் வரும் மின்சாரத்தில் ஒன்று. காரணத்தைப் பாராமல் எல்லாவற்றுக்கும் ‘கேஸ்’ என்ற ஒரே மருந்தைக் கொடுப்பது, தலைவலி, வயிற்றுவலி இரண்டுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போலத்தான். இந்த வைத்தியத்துக்குக் கூலி கொடுப்பவர்கள் எல்லைப்புறத்தில் வாழும் சாதாரணத் தமிழ்க் குடும்பத்தினர்.

ஆடம்பரம் அல்ல, அவசியம்

1958ஆம் ஆண்டு கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவில் முதன்முதலாக பிரிட்ஜ் தயாரித்தபோது அது பணக்காரர் வீட்டுக் கூடத்தில் வைக்கும் பொருள். இன்று நிலைமை மாறிவிட்டது. தேயிலைக் கொழுந்து பறிக்க விடியற்காலையில் மலை ஏறும் பெண்ணுக்கு இரண்டு வேளைக்கும் தனித்தனியாகச் சமைக்க நேரமில்லை. நேற்றைய குழம்பும் இட்லி மாவும் கெடாமல் இருந்தால்தான் வீட்டில் அடுத்த வேளை அடுப்பு எரியும். தவணை கட்டி வாங்கிய பெட்டி அது.

சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை. பிரிக்காத இன்சுலினை 2 டிகிரி முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும். பிரிட்ஜ் நின்று போனால் மருந்தின் வீரியம் குறையும். அதே சமயம், அதிகக் குளிரில் உறைந்து போன இன்சுலினும் உதவாது. உருகிய பின் பார்வைக்கு முன்போலவே இருந்தாலும் அதைப் போட்டுக் கொள்ளக் கூடாது. ஆகவே பிரிட்ஜ் கெட்டால் வீட்டார் முதலில் செய்ய வேண்டியது, பிரிக்காத மருந்தை அண்டை வீட்டு பிரிட்ஜுக்கு மாற்றுவது. அதற்கும் வழியில்லை என்றால், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து அதில் மருந்தை வைப்பது தற்காலிகமாகக் கை கொடுக்கும். சந்தேகம் இருந்தால் மருந்துக் கடையிலோ டாக்டரிடமோ கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

கேஸ் என்ன பெட்ரோலா?

‘கேஸ் தீர்ந்து விட்டது’ என்ற பேச்சை முதலில் ஆராய வேண்டும். பிரிட்ஜுக்குள் இருக்கும் கேஸ் எரிந்து தீர்வதில்லை. பின்புறம் அடியில் இருக்கும் கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கித் தள்ளுகிறது. பின்புறத்திலோ பக்கச் சுவர்களுக்குள்ளோ வளைந்து ஓடும் குழாயில் அந்தச் சூடு வெளியேறி, கேஸ் திரவமாகிறது. பின்னர் முடி போன்ற மெல்லிய குழாய் வழியாக நுழைந்து, பிரீசரில் விரிந்து ஆவியாகும்போது அங்குள்ள சூட்டை உறிஞ்சுகிறது. மறுபடி கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. செக்கு மாடு போல ஒரே தடத்தில் சுற்றி வரும் கேஸ், குழாயில் ஓட்டை விழாதவரை எங்கும் போவதில்லை. பத்து வருஷம், பதினைந்து வருஷம் அதே கேஸில் ஓடும் பெட்டிகள் உண்டு.

ஆகவே, “கேஸ் போய்விட்டது” என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: “எங்கே ஓட்டை?” ஓட்டையைக் கண்டு அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை.

பாலக்காட்டுப் பக்கம்: வெயிலும் புழுதியும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாசல். அந்த வாசல் வழியே கோவைப் பக்கத்துக் காற்றும் புழுதியும் தாராளமாக உள்ளே வருகின்றன. கோடையில் வெயில் 40 டிகிரியையும் தாண்டுவதுண்டு. வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையோரம் வாழ்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிரிட்ஜின் வேலை உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவது. வெளியே ஏற்கெனவே அனலாக இருந்தால், தள்ளிய சூடு போக இடமில்லை. பின்புறக் கம்பிகளில் ஒட்டடையும் புழுதியும் கம்பளி போலப் போர்த்தியிருந்தால் கேட்கவே வேண்டாம். இடத்தை மிச்சம் பிடிக்க பிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவது, தலையில் துணி விரித்து அதன் மேல் டப்பாக்களை அடுக்குவது, ஜன்னல் வெயில் படும் மூலையில் வைப்பது ஆகியவை எல்லாம் மூச்சுத் திணறும் ஆளின் மூக்கைப் பொத்துவது போன்றவை. பின்புறமும் பக்கங்களிலும் நான்கு விரற்கடையாவது இடம் வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் கம்பிகளைத் துடைத்தால், செத்துவிட்டதாக நினைத்த பெட்டி சில சமயம் அன்றைக்கே உயிர் பெறும். இதற்கு ஒரு பைசாவும் செலவில்லை.

கதவோரத்து ரப்பரையும் பார்க்க வேண்டும். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால், அது பிடித்துக் கொண்டு வரவேண்டும். தளர்ந்து கையோடு வந்தால் அந்த இடத்தில் வெளிக்காற்று உள்ளே புகுகிறது என்று அர்த்தம். ரப்பரில் படிந்த பிசுக்கை வெந்நீரில் சோப்புப் போட்டுத் துடைத்தாலே பல வீடுகளில் கதவு ஒழுங்காகப் படியும்.

இடுக்கிப் பக்கம்: குளிரே எதிரி

மலையில் கதை தலைகீழ். மூணாறு, தேவிகுளம் பகுதிகளில் மார்கழி, தை மாதங்களில் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும் இரவுகள் உண்டு. குளிர்ப் பிரதேசத்தில் பிரிட்ஜ் இன்னும் நன்றாகக் குளிர வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். நடப்பது வேறு.

சாதாரண ஒற்றைக் கதவு பிரிட்ஜில் குளிரை அளக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றே ஒன்று. ‘உள்ளே போதிய குளிர் இருக்கிறது’ என்று அது தெரிந்து கொண்டால் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். வீடே குளிர்ந்து கிடக்கும்போது பெட்டியின் உட்புறம் தானாகவே குளிர்ந்திருக்கும். தெர்மோஸ்டாட் அதை நம்பி கம்ப்ரஸரை மணிக்கணக்கில் ஓட விடாது. கம்ப்ரஸர் ஓடாவிட்டால் பிரீசர் உறைவதெப்படி? ஐஸ் இளகுகிறது, மீன் இளகுகிறது. வீட்டார் ‘கேஸ் போச்சு’ என்று முடிவு கட்டுகிறார்கள். பெட்டியிலோ ஒரு குறையும் இல்லை!

பிரிட்ஜ்களுக்குத் தட்பவெப்ப வகை என்று ஒன்று உண்டு. ‘டி’ வகை 16 முதல் 43 டிகிரி வரையிலும், ‘எஸ்.டி.’ வகை 16 முதல் 38 டிகிரி வரையிலும், ‘என்’ வகை 16 முதல் 32 டிகிரி வரையிலும் உள்ள அறைகளுக்கு ஏற்றவை. ‘எஸ்.என்.’ வகை 10 டிகிரி வரை தாங்கும். சமவெளியின் வெயிலுக்குச் செய்த பெட்டியைப் போடியிலோ கம்பத்திலோ வாங்கி மலைக்கு ஏற்றினால், மார்கழியில் அது தடுமாறுவதில் ஆச்சரியம் என்ன? வாங்கும்போதே இந்த எழுத்தைக் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது. ஏற்கெனவே வாங்கியவர்கள் பெட்டியைத் திண்ணை, வராந்தா போன்ற குளிர்ந்த இடத்தில் வைக்காமல், அடுப்பெரியும் சமையலறைக்குள், அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால் தொல்லை பெருமளவு குறையும்.

விளக்கின் அடியில் இருட்டு

இரு எல்லைக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. அதுதான் குறைந்த வோல்டேஜ்.

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940இல் மூணாறின் மடியில் எழுந்தது. 1976இல் இயங்கத் தொடங்கிய இடுக்கித் திட்டம் 780 மெகாவாட் திறன் கொண்டது. மாநிலத்துக்கே வெளிச்சம் கொடுக்கும் மாவட்டம் இடுக்கி. ஆனால் கடைக்கோடி லயத்து வீட்டில் மாலை ஏழு மணிக்கு பல்பு மங்கினால் அதை என்னவென்று சொல்வது? விளக்கின் அடியில் இருட்டு என்பது இதுதான். டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகு தூரம் இழுத்த கம்பியின் கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் குறைந்து வருவது இயற்கை. அதற்காக அப்படியே விட்டுவிடுவது நியாயமில்லை.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் மேலும் கீழும் 6 சதவீதம் வரை மாறலாம் என்பது நெடுங்கால விதி. அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. வோல்டேஜ் மிகவும் தாழ்ந்தால் கம்ப்ரஸர் புறப்பட முடியாமல் ‘ம்ம்’ என்று முனகும். சில விநாடியில் ‘டிக்’ என்ற சத்தத்தோடு அடங்கும். சில நிமிடம் கழித்து மறுபடி முனகல், மறுபடி ‘டிக்’. அந்த ‘டிக்’ பாதுகாப்புச் சாதனம் கம்ப்ரஸரைக் காப்பாற்றும் சத்தம். அதைக் கேட்டும் பிளக்கைக் கழற்றாமல் விட்டால் நாளடைவில் கம்ப்ரஸரின் காயில் கருகும். பெட்டியின் விலையில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். வோல்டேஜ் சரியாக இருந்தும் இந்த முனகல் தொடர்ந்தால் ரிலே அல்லது கபாசிட்டர் கெட்டிருக்கலாம். அவை சிறிய உதிரிபாகங்கள்.

கரண்ட் போய் வந்தவுடனே பிரிட்ஜைப் போடக் கூடாது. குழாய்களில் அழுத்தம் சமநிலைக்கு வர மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் போட்டால் கம்ப்ரஸர் திணறும். இந்தத் தாமதத்தைத் தானே செய்யும் ஸ்டெபிலைசர்கள் கடையில் கிடைக்கின்றன. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் பிரிட்ஜை மாட்டுவதும் வோல்டேஜைக் குறைக்கும், தீ ஆபத்தும் உண்டு.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் வீட்டுக்காரரே பத்து நிமிடத்தில் பார்க்கக் கூடியவை உண்டு. கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கை மாட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் எரியாவிட்டால் குறை வீட்டு வயரிங்கில். ஆனால், பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் ஒரு சோதனையும் வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

அடுத்து, தெர்மோஸ்டாட் குமிழ். துடைக்கும்போதோ குழந்தைகள் விளையாடும்போதோ அது பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கலாம். பிறகு கம்ப்ரஸர் ஓடும் சத்தம். பிறகு பின்புறப் புழுதியும் கதவு ரப்பரும். பிறகு பிரீசரில் ஐஸ். கால் அங்குலத்துக்கு மேல் ஐஸ் படிந்தால் அதுவே போர்வையாகிக் குளிரைத் தடுக்கும்.

தானே ஐஸ் கரைக்கும் இரட்டைக் கதவு பெட்டியில், மேலே குளிர்ந்து கீழே குளிராமல் போனால், பொருள்களை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்தபடி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்கலாம். மறுபடி போட்டதும் சில நாள் நன்றாக ஓடிப் பின் பழையபடி ஆனால், ஐஸ் கரைக்கும் ஹீட்டரிலோ அதன் இணைப்பிலோ குறை இருக்கக் கூடும். இந்த விவரத்தை மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் வேலையும் பாதியாகும், வீட்டாரின் செலவும் குறையும்.

இத்தனையும் சரியாக இருந்து, கம்ப்ரஸர் இடைவிடாமல் ஓடியும் பின்புறமோ பக்கமோ சூடேறவில்லை, பிரீசரில் பனி படியவில்லை அல்லது ஒரு மூலையில் மட்டும் படிகிறது என்றால், அப்போதுதான் கேஸ் மீது சந்தேகப்பட நியாயம் உண்டு.

ஓட்டை போட்டது யார்?

கேஸ் உண்மையாகவே போகும் வீடுகளில் பல சமயம் குற்றவாளி சமையலறைக் கத்தி. உறைந்த ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்க்கும்போது அதன் கீழுள்ள அலுமினியத் தகட்டில் ஓட்டை விழும். அரை மணி நேரம் பொறுத்து ஐஸ் தானாக உருக விட்டிருந்தால் பெரும் செலவு மிச்சம்.

எந்த கேஸ் என்பதும் முக்கியம். பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுப்பதாகக் கண்டு, 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகம் அதைக் கைவிட்டது. இந்தியாவிலும் 2010க்குள் அது ஒழிக்கப்பட்டது. அதன் பின் ஆர்-134ஏ, இப்போது பல புதிய பெட்டிகளில் ஆர்-600ஏ. இந்தக் கடைசி கேஸ் தீப்பிடிக்கக் கூடியது. இருக்கும் அளவு சொற்பம் என்றாலும், பழக்கமில்லாதவர் அதன் பக்கத்தில் நெருப்பு வைத்துப் பற்றவைப்பது விபரீதம். ஒரு கேஸுக்குப் பதில் வேறு கேஸை ஏற்றுவதும் தவறு. எந்த கேஸ், எத்தனை கிராம் என்று பெட்டியின் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கும் மெக்கானிக்கை நிறுத்திக் கேட்க வீட்டாருக்கு உரிமை உண்டு.

மெக்கானிக்குகள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். ஒரு ரிலேயை மாற்ற ஜீப்பில் தொற்றிக் கொண்டு மலை ஏறிவரும் உழைப்பாளிகள் அவர்கள். நல்ல மெக்கானிக்குக்குக் கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் மீது கோபம் வராது. எங்கே ஓட்டை, எப்படி அடைத்தார், என்ன கேஸ், எத்தனை நாள் உத்தரவாதம் ஆகிய நான்கையும் ரசீதில் எழுதி வாங்கினால் இரு தரப்புக்கும் நல்லது.

எல்லை தாண்டிய பில்

பாலக்காட்டுத் தமிழர் கோவையில் வாங்குவார்; மூணாறுத் தமிழர் தேனி மாவட்டத்தில் வாங்குவார். பெட்டி கெட்டால், “நீங்கள் இருப்பது கேரளா, அங்கே கேளுங்கள்” என்று ஒரு பக்கம். “வாங்கிய இடத்தில் கேளுங்கள்” என்று மறுபக்கம். இந்தப் பந்தாட்டத்தில் உத்தரவாதக் காலமே ஓடிவிடும்.

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் இடத்திலோ பிரச்சினைக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சுவரை இடித்தது. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை. கோவையில் வாங்கியதற்குப் பாலக்காட்டிலும், போடியில் வாங்கியதற்கு இடுக்கியிலும் நியாயம் கேட்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். ஆனால் கையில் பில் வேண்டும். அதைத் தொலைத்துவிட்டு நியாயம் தேடுவது டிக்கெட் இல்லாமல் ரயிலில் சீட் கேட்பது போல.

தமிழில் ஒரு தாள் போதும்

1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. அங்குள்ள தமிழர்கள் அன்று முதல் கேரளத்துக்கு உழைத்து, கேரளத்துக்கு வரி கட்டி, மலையாளிகளோடு உறவாக வாழ்கிறார்கள். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழில் அரசுக்கு எழுத அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஆனால் பெட்டியோடு வரும் கையேட்டில் தமிழ் இல்லாவிட்டால், வீட்டுப் பெண்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ‘டி’, ‘எஸ்.என்.’ என்ற எழுத்துக்களின் அர்த்தம் தெரியாமலே பெட்டி மலை ஏறிவிடுகிறது.

கம்பெனிகள் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. இங்கே சொன்ன சோதனைகளை ஒரே தாளில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்கலாம். எல்லைப்புறக் கடைக்காரர்கள், பெட்டி போகும் ஊர் எது என்று கேட்டு அதற்கேற்ற வகையைக் கொடுக்கலாம். மின்வாரியம், கம்பியின் கடைசி வீட்டில் மாலை நேர வோல்டேஜை அளந்து, தேவையான இடங்களில் டிரான்ஸ்பார்மர் அமைக்கலாம். மக்களும் வோல்டேஜ் குறைவதை விதி என்று சகித்துக் கொள்ளாமல், தெருவார் சேர்ந்து, தேதியும் நேரமும் குறித்து மனுக் கொடுக்க வேண்டும். 1912இல் புகாரைப் பதிவு செய்து எண்ணை வாங்கி வைக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இதற்கென்றே நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும் அதற்கு மேல் ஆம்பட்ஸ்மனையும் ஏற்படுத்தி வைத்திருக்கிறது.

பத்து நிமிடச் சோதனையில் தீரக் கூடிய குறைக்குப் பல நாள் கூலியைக் கொடுக்கும் நிலை இனியும் தொடர வேண்டாம். வீட்டார் கேள்வி கேட்கக் கற்றுக் கொள்ளட்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களுக்குப் புரியும் மொழியில் பதில் சொல்லட்டும். அடுத்த சித்திரைக்குள்ளாவது இதற்கு வழி பிறக்குமா? சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களாக!